தண்ணி வர்ற வரைக்கும் கிரவுண்டு

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் கோல்ஃப் பையைச் சுத்தம் செய்யலாம் என்று உட்கார்ந்தேன். சென்னை வெயிலில் வெளியே தலைகாட்ட முடியாத நேரத்துக்கு அதைவிட உருப்படியான வேலை எதுவும் தோன்றவில்லை. பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து கவிழ்த்தேன். பந்தை ஏற்றி வைக்கிற மரக்குச்சிகள், கிழிந்த கையுறை, எப்போதோ வாங்கித் தின்ன மறந்த கடலைமிட்டாய், கடைசியாக ஒரு பந்து. பாதி நீலம், அது உதிர்ந்த இடமெல்லாம் வெள்ளை. கோல்ஃப் பந்தின் மேல் சின்னச் சின்னக் குழிகள் இருக்குமே, அதில் களிமண் ஏறி இறுகிக் கிடந்தது. வாஷ்பேசினில் பிடித்தேன். மண் கரைந்தது, கூடவே அந்த வாசனை வந்தது. பாளம் பாளமாக வெடித்த வயலில் முதல் தண்ணீர் ஏறும்போது ஒரு வாசனை வரும். டெல்டாவில் பிறந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், மற்றவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. பாத்ரூமில் நின்றுகொண்டு ஒரத்தநாட்டுப் பக்கத்து மூணு மா நிலத்தை மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூணு மா என்றால் ஒரு ஏக்கர்.

அந்த நீலம் மாட்டுப்பொங்கலுக்குக் கொம்பில் அடிக்கிற எனாமல். அது பந்தில் எப்படி ஏறியது என்று சொல்வதற்கு முன்னால், வயல்காட்டுப் பையனுக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என்னை முதன்முறை இந்தப் பையோடு பார்க்கிற எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். சிலர் வாயால், மற்றவர்கள் கண்ணால்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பா கைநாட்டு. அம்மாவுக்கும் எழுத்து தெரியாது, ஆனால் எண்ணிக்கையில் அம்மாவை ஏமாற்ற முடியாது. அப்பா நான் காலேஜில் இருக்கும்போதே இறந்துபோனார். படித்து முடித்து, சென்னைக்கு வெளியே கார் பாகம் செய்கிற ஒரு ஜப்பான் கம்பெனியில் சேர்ந்தேன். எனக்கு மேலதிகாரி மினாமி என்று ஒருவர். அங்கே இருந்த ஜப்பான்காரர்களுக்கு ஞாயிறு என்றால் கோல்ஃப். ஒரு வாரம் நாலாவது ஆளுக்குக் காய்ச்சல். அவர்களைக் காரில் கொண்டுவிட வந்த என்னை, "நீ வா, சும்மா அடி" என்று மினாமி சார் கூப்பிட்டுக்கொண்டார்.

அன்றைக்கு நான் பந்தை அடித்ததைவிட மண்ணை அடித்ததுதான் அதிகம். சின்ன வயதிலிருந்து வரப்பு வெட்டிய கை. மட்டையைத் தூக்கினால் மண்வெட்டியாகத்தான் இறங்கும். புல்லோடு பெயர்ந்த மண்கட்டியை எடுத்து அந்த இடத்திலேயே வைத்து மிதித்துவிட வேண்டும் என்பது ஆட்டத்தில் ஒரு மரியாதை. அது மட்டும் யாரும் சொல்லித்தராமலே எனக்கு வந்தது. மடை அடைத்துப் பழகியவனுக்கு அதெல்லாம் ஒரு வேலையா.

அப்புறம் குழி இருக்கிற கிரீனுக்கு வந்தோம். கிரீன் என்றால் தலைமுடியை ஒட்ட வெட்டிய மாதிரி புல், ஒரு களை கிடையாது, பச்சென்று மட்டமாக, ஓரமெல்லாம் சீவி விட்டு. அதைப் பார்த்தவுடன் நான் குனிந்து ஷூவைக் கழற்றிவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. அந்தப் பச்சையை எங்கள் ஊரில் ஒரே ஒரு இடத்தில்தான் பார்க்க முடியும். நாற்றங்கால். விதை தெளித்துப் பதினைந்தாம் நாள் நாற்றங்கால் அப்படித்தான் இருக்கும். அதில் செருப்போடு இறங்குகிறவனை ஊரில் மனுஷனாகச் சேர்க்க மாட்டார்கள். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நின்றேன். மற்ற இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். மினாமி சார் மட்டும், "கோயிலா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நாற்றங்காலை விளக்கினேன். அவரும் குனிந்து புல்லைத் தொட்டுப் பார்த்தார். "எங்க ஊர்லயும் நெல்லுதான். ஆனா நாங்க முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுத்தான் இறங்குவோம்" என்றார். சேற்றில் பூட்ஸா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அதிகாரி என்பதால் அடக்கிக்கொண்டேன்.

அப்படிப் பிடித்துக்கொண்ட ஆட்டம். அதைப் பற்றி எனக்கு அபிப்பிராயங்கள் உண்டு. ஆட்டம் வராதவனுக்கு அபிப்பிராயம் நிறைய இருக்கும் என்பதே அதில் முதலாவது. பணக்காரன் ஆட்டம் என்கிறார்கள், இல்லை என்று சொல்ல எனக்கு வாயில்லை. மினாமி சார் கொடுத்த பழைய மட்டைகள் இல்லாவிட்டால் நான் வேலிக்கு வெளியே நின்றவன்தான். ஆனால் பந்து எங்கே கிடக்கிறதோ அங்கேயிருந்தே அடிக்க வேண்டும், நகர்த்தக் கூடாது என்ற சட்டம் எனக்குப் பிடிக்கும். அம்பயர் கிடையாது, எத்தனை அடி என்று அவரவரே சொல்ல வேண்டும் என்பது இன்னும் பிடிக்கும். சொல்லும்போது நாக்கு கொஞ்சம் வளையும். அதற்கும் பிறகு வருகிறேன். பேட்டரி வண்டியில் உட்கார்ந்து ஆடுகிறவர்களை மட்டும் எனக்கு ஒருநாளும் ஆகாது. நடக்காத ஆட்டம் என்ன ஆட்டம்.

நடை என்றதும் அம்மாவிடம் வந்துவிட்டேன்.

ஊரடங்கு போட்ட வருஷம், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றார்கள். ஊருக்கு வந்தேன். மினாமி சார் அவர் நாட்டுக்குக் கிளம்பும்போது விட்டுப்போன பையும் என்னோடு வந்தது. பங்குனி மாசம். சம்பா அறுத்து, அதற்குப் பிறகு போட்ட உளுந்தும் எடுத்தாகிவிட்டது. மேட்டூரில் தண்ணீர் திறந்து எங்கள் வாய்க்காலுக்கு வரும்வரை வயலுக்கு வேலை கிடையாது, அம்மாவுக்கும் கிடையாது.

அம்மாவுக்குச் சர்க்கரை. அதற்கு முந்தின வருஷம் கண்டுபிடித்தது. வலது உள்ளங்காலில் ஒரு புண் வந்து, ஆறுவதற்கு மூன்று மாசம் எடுத்துக்கொண்டது. தஞ்சாவூர் டாக்டர் ஒரு நூலை வைத்துப் பாதத்தில் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காலில் உணர்ச்சி குறைஞ்சிருக்கு. குத்தினாலும் தெரியாது. செருப்பில்லாம ஒரு அடி வைக்கக் கூடாது, தினம் முக்கால் மணி நேரம் நடக்கணும்" என்றார். அடுத்த தடவை புண் வந்தால் விரல் போகும் என்பதை என்னிடம் தனியாகச் சொன்னார். நான் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா, "சரிப்பா" என்றது. இரண்டில் ஒன்றையும் செய்யவில்லை.

"நடம்மா" என்றால், "எங்க?" என்று கேட்கும்.

"ரோட்டுல, பாலம் வரைக்கும் போயிட்டு வா."

"பாலத்துல என்ன வேலை எனக்கு?"

"வேலை இல்லம்மா. சும்மா நடக்கணும்."

"சும்மா நடந்தா பாக்குறவங்க என்னன்னு கேப்பாங்க. நான் என்னன்னு சொல்றது?"

நியாயமான கேள்வி.

ஒருநாள் சாயங்காலம் லேப்டாப்பை மூடிவிட்டு ஏழாம் நம்பர் மட்டையோடு வயலுக்குப் போனேன். அம்மா வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. முதல் பந்து, என் வழக்கப்படி, நினைத்த திசையை விட்டு வலது பக்கம் வளைந்து வாய்க்கால் ஓரம் விழுந்தது. இன்னொன்றை எடுக்கப் பைக்குள் கைவிட்டேன். அம்மா விறுவிறு என்று நடக்க ஆரம்பித்துவிட்டது. வயலின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய், குனிந்து தேடி, முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து என் கையில் கொடுத்தது.

"நல்ல சாமானா இருக்கு. இப்படித் தூக்கிப் போடுறியே."

நான் அடுத்த பந்தை இடது பக்கம் அடித்தேன். அம்மா இடது பக்கம் நடந்தது. பந்து காணாமல் போனால் தேடத்தானே வேண்டும், அதற்கு யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. உலகத்தில் கோல்ஃப் கோணலாக அடிப்பவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். அதனால் ஒரு சர்க்கரை நோயாளிக்கு நன்மை செய்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

ஆனால் தேடுவது லேசில்லை. காய்ந்த வயல் முழுக்க நத்தை ஓடு வெளுத்துப்போய்க் கிடக்கும், ஒவ்வொன்றும் தூரத்திலிருந்து பந்து மாதிரியே தெரியும். அம்மாதான் கொம்புக்கு அடித்து மிச்சமிருந்த எனாமலை எடுத்துவந்து, எல்லாப் பந்தையும் நீலமாக்கி வேலியில் காய வைத்தது. காலி டப்பாவைக் குழியாகப் புதைத்தோம். எங்கே தெரியுமா? வயல் மூலையில் உளுந்து அடிப்பதற்காக அம்மா சாணி போட்டு மெழுகி வைத்திருந்த களத்தில். நான் எத்தனையோ கிரீன் பார்த்துவிட்டேன். அவ்வளவு நேராகப் பந்து ஓடுகிற தரையை இன்னும் பார்க்கவில்லை.

காலுக்குத்தான் வழி கிடைக்கவில்லை. அம்மா வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தது. அறுத்த நெல்தாள் குத்தும், உடைந்த நத்தை ஓடு வெட்டும், வெட்டினாலும் அம்மாவுக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் விளக்கு வெளிச்சத்தில் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பேன்.

"செருப்பு போட்டுக்கம்மா."

"வயல்ல செருப்பா? சோறு போடுற எடம்ப்பா."

கிரீனில் ஷூவைக் கழற்றியவன், இதற்கு மேல் என்னத்தைப் பேசுவது. ஆனால் அன்றைக்கு ஒரு யோசனை வந்தது.

"இப்ப இது வயலா? நாத்து இருக்கா, தண்ணி இருக்கா? இதுல நாம என்ன பண்றோம்? வெளையாடுறோம். வெளையாடுற எடத்துக்குப் பேரு கிரவுண்டு."

வரப்பில் எங்கள் பக்கத்து வயல்காரர் ராசு சித்தப்பா துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். நான் வந்த நாளிலிருந்து அவருக்குப் பொழுது நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. "ஏண்டா, படிக்க வச்சது கம்பெனிக்கு அனுப்பவா, கில்லி அடிக்கவா" என்று தினமும் ஒருமுறை கேட்டுவிடுவார். அம்மா அவரைப் பார்த்தது.

"ஏன் கொழுந்தனாரே, கிரவுண்டுன்னா செருப்பு போடலாமா?"

சித்தப்பா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "கிரவுண்டுன்னா போடலாம். போன எலெக்சன் மீட்டிங்கு இதே மாதிரி தரிசுலதானே போட்டான், நாம செருப்போடதானே நின்னோம். களம் மட்டும் களம்தான். அதுல போடக்கூடாது."

அம்மா என் பக்கம் திரும்பியது. "எதுவரைக்கும் கிரவுண்டு?"

"தண்ணி வர்ற வரைக்கும்" என்றேன். அம்மாவைச் சம்மதிக்க வைத்த சந்தோஷத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

கடைகள் மூடியிருந்தன. என் பழைய ஷூவைக் கொடுத்தேன். அளவு சரியாக இருந்தது. சேற்றில் நின்று நின்று அம்மாவின் பாதம் அவ்வளவு அகலம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெள்ளை ஷூவோடு அம்மா தாளின் மேல் முதல் அடி வைத்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் மலர்ந்துவிடும். "கார் டயர் மாதிரி இருக்குப்பா" என்றது.

சித்திரை, வைகாசி இரண்டு மாசமும் ஆடினோம். சித்தப்பா தீர்ப்புப்படி களத்துக்கு வந்ததும் இரண்டு பேரும் ஓரத்தில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு ஏறுவோம். அம்மா பெரிய மட்டையைத் தொடாது. களத்தில் பந்தை உருட்டுவதற்கு மட்டும் வரும். நடவு நட்ட முதுகு, இடுப்பிலிருந்து அப்படியே மடங்கி நிற்கும். எவ்வளவோ பேர் காசு கொடுத்துக் கற்றும் வராத நிலை அது. மெல்ல ஒரு தட்டு, பந்து டப்பாவில் விழுந்து 'டொக்' என்று சத்தம் கேட்கும். அம்மா அதற்குள் அடுத்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்.

எண்ணிக்கையும் அம்மா பொறுப்பு. நான் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் ஒரு புளியங்கொட்டை முந்தானை முடிச்சுக்குள் போகும்.

"எத்தனைம்மா நான்?"

"நீ சொல்லு."

"ஏழு."

முடிச்சை அவிழ்க்கும். ஒன்பது இருக்கும். "வைக்கப்போருக்குப் பின்னால ரெண்டு அடிச்சியே, அது யாரு கணக்கு? பக்கத்து வயக்காரர் அடிச்சதா?" வரப்பிலிருந்து சித்தப்பா, "என் பேர்ல எழுதாத தாயி" என்பார்.

ஒருமுறை பந்து வெடிப்புக்குள் முழங்கை ஆழத்துக்கு விழுந்துவிட்டது. வெளியே எடுத்து வைத்தேன். "கெடக்குற எடத்துலேருந்துதானே அடிக்கணும்னு சொன்னே?" என்று அம்மா மறித்தது. வெடிப்புக்கு விதிவிலக்கு என்று நான் சொன்ன சட்டத்தை அம்மா இன்றுவரை நம்பவில்லை.

வைகாசி நடுவில் ஒரத்தநாட்டுக்குப் போய் ரத்தம் பார்த்தோம். சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. என்ன செய்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். "பந்து பொறுக்குறேன்" என்றது அம்மா.

அப்புறம் மேட்டூரைத் திறந்தார்கள். தண்ணீர் கல்லணைக்கு வந்தது, கால்வாய்க்கு வந்தது, ஒருநாள் காலையில் எங்கள் வாய்க்காலில் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்துவிட்டது. நான் ஓடினேன். அம்மா எனக்கு முன்னால் போய் மடையை வெட்டிவிட்டு நின்றது. வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தம் வயல் முழுக்க. அம்மாவின் காலில் ஷூ இல்லை. வீட்டுக்குத் திரும்பியபோது பார்த்தேன், என் ஷூவைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் சாய்த்து வைத்திருந்தது.

"அம்மா, கால்..."

"தண்ணி வந்துடுச்சுப்பா."

அவ்வளவுதான். நான் போட்ட எல்லை. சேற்றில் அந்த ஷூ ஆகாது என்பதும் உண்மை. அப்போதுதான் மினாமி சார் சொன்ன ரப்பர் பூட்ஸ் நினைவுக்கு வந்தது. "முழங்கால் வரைக்கும் பூட்ஸ் இருக்கும்மா, வாங்கி அனுப்புறேன், போட்டுக்குவியா?" என்றேன். அம்மா முடியாது என்று சொல்லவில்லை. "அனுப்பு, பாப்போம்" என்றது. நாற்றங்கால் தயாராவதற்குள் கம்பெனியில் கூப்பிட்டுவிட்டார்கள். சென்னைக்கு வந்தேன். வேலை. அடுத்த வாரம் வாங்கலாம் என்று இருந்தேன். அடுத்த வாரமும் அப்படியே இருந்தேன்.

ஆவணியில் சித்தப்பா போன் செய்தார். அந்தக் குரலில் கிண்டல் இல்லாததை வைத்தே தெரிந்துகொண்டேன். களையெடுக்கும்போது நத்தை ஓடு கிழித்திருக்கிறது. அம்மாவுக்குத் தெரியவில்லை. நாலு நாள் கழித்துக் கால் வீங்கி, வாடை வந்த பிறகுதான் பார்த்திருக்கிறது. நான் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தபோது வலது காலில் சுண்டுவிரலையும் அதற்கு அடுத்ததையும் எடுத்தாகிவிட்டது. இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் பாதமே போயிருக்கும் என்றார்கள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பூட்ஸ் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா முந்திக்கொண்டது.

"நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத. நான் நடந்த வரைக்கும் புண்ணு வரல பாத்தியா. நீ அடிச்ச வரைக்கும் வரல."

என்னைத் தேற்றத்தான் சொன்னது. எனக்கு அது வேறு மாதிரி கேட்டது. அன்றிரவே போனில் பூட்ஸுக்கு ஆர்டர் போட்டேன். வந்தது. இப்போதும் பரணில் அட்டைப்பெட்டியோடு இருக்கிறது.

வருஷங்கள் ஓடிவிட்டன. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் அளவெடுத்துச் செய்து கொடுத்த மெத்தென்ற கறுப்புச் செருப்பு. வீட்டுக்குள்ளும் அதுதான். காலையில் பாலம் வரைக்கும் போய் வருகிறது, துணைக்கு இரண்டு பெண்கள். எங்கே போறே என்று யாரும் கேட்பதில்லை. ஊரில் பாதிப் பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. சும்மா நடப்பது இப்போது ஒரு வேலை.

நிலத்தைப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டோம். அவர் போர்வெல் போட்டிருக்கிறார். உளுந்து எடுத்த கையோடு கோடை நெல் போட்டுவிடுகிறார். அதனால் தாள் காய்ந்து கிடக்கிற சித்திரை எங்கள் வயலுக்கு இல்லை. வெடிப்பு இல்லை, வெளுத்த ஓடு இல்லை. உளுந்தை மெஷின் அடித்துக் கொடுத்துவிடுகிறது, மெழுகிய களமும் இல்லை. புதைத்த டப்பா சேற்றுக்குள் எங்கேயாவது கிடக்கலாம்.

இந்தச் சித்திரையில் ஊருக்குப் போயிருந்தபோது, சாயங்காலம் இரண்டு பேரும் அந்தப் பக்கம் போனோம். நட்டுப் பத்து நாள் ஆன பயிர், கணுக்கால் தண்ணீர். அம்மா வரப்பிலேயே நின்றது. முன்னே பின்னே நகர்ந்து, கறுப்புச் செருப்பு வழுக்காத இடமாகப் பார்த்து நின்றது. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆட்டம் எப்படிப் போகிறது என்று கேட்டது, சொன்னேன். பதினெட்டுக் குழிக்குத் தொண்ணூற்றெட்டு அடி என்றேன். புளியங்கொட்டைப் பழக்கதோஷம் போலிருக்கிறது, உண்மையையே சொல்லிவிட்டேன். தலையாட்டியது. அப்புறம்,

"எறங்கிப் பாரேன்" என்றது.

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன்.

"தண்ணி சுடுதா?"

"மேல வெதுவெதுன்னு இருக்கும்மா."

"அடியில?"

கால் விரல்களைச் சேற்றுக்குள் அழுத்தினேன். "அடியில சில்லுனு இருக்கு."

"சேறு வெரலுக்கு நடுவுல ஏறுதா?"

"ஏறுது."

"பதமாத்தான் உழுதிருக்கான்" என்றது அம்மா. "இன்னும் கொஞ்ச நேரம் நில்லு."